பாத்திரத்தின் அடியில் இரண்டு பெயர்

நெல்வின் ஸ்ட்ரவுட் என்னை ஒரு முறை, தான் நடத்தும் சாப்பாட்டுக் கூடலுக்கு வரவிடாமல் தள்ளி வைத்தவள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் அவளைப் புகழும்போது, சிநேகிதத்துக்காக எழுதுகிறாள் என்று யாரும் பேசக் கூடாது.

நான் செய்த குற்றம் இதுதான்: ஒடெஸ்ஸா கெயின்ஸின் பாத்திரத்தை ஒன்பது நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரம்தான் என் மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பாத்திரத்தை யார் நினைப்பார்கள்? நெல்வின் நினைப்பாள். போன் செய்தாள்.

"பேரன் பொறந்துட்டானாமே வில்லடீன், ரொம்ப சந்தோஷம். எத்தன பவுண்டு?"

"எட்டு."

"நல்ல எடை. மூக்கு உங்க வீட்டு மூக்கா, அவங்க வீட்டு மூக்கா? சரி, அத நேர்ல வந்து பாத்துக்கறேன். அக்டோபர் கூடலுக்கு நீ வராத. ஏப்ரல்ல வா."

குரலில் துளி கோபம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. நான்தான் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உடம்பப் பாத்துக்கோ கண்ணு" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் குழந்தைக்குத் தொப்பியும் எனக்குக் கோழிக் குழம்பும் வந்தன. அழைப்பு மட்டும் வரவில்லை.

எங்கள் ஊர் டாலிவரில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் அவளைத் தெரியும். கவுண்டி என்று நாங்கள் சொல்லும் மாவட்டத்தின் அலுவலகத்தில், வண்டிக்கு நம்பர் பிளேட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தாள். யார் வண்டி யார் பெயருக்கு மாறியது, எந்தக் கல்யாணம் முறிந்தது, எந்த வீட்டில் லாரி போய் கார் வந்தது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். வெளியே ஒரு வார்த்தை கசியாது. குட்டையான உருவம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. நாற்பத்திரண்டு வயதில் கணவன் ட்வெய்னைப் பறிகொடுத்தவள். இப்போது அறுபத்து நான்கு ஆகிறது.

அவளுடைய வலைப்பூவும் அந்த ஜன்னலில்தான் பிறந்தது. வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா, என்ன சமைத்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். இவள் முத்திரை குத்திக்கொண்டே காதைக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய் எழுதுவாள். சொன்னவர் பெயரைப் போடாமல், "நீல நிற ஃபோர்டு வண்டிக்காரர் சொன்ன வெண்டைக்காய்" என்று தலைப்பு வைப்பாள். ஊரே படித்தது. நீல நிற ஃபோர்டு யாருடையது என்று ஊருக்குத் தெரியாதா என்ன.

பதினோரு வருடம் முன்பு அவளை அட்லாண்டாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்தார்கள். தெற்கு மாநிலங்களின் பண்பாட்டைக் கொண்டாடும் வலைப்பதிவர்களும் சிறு வியாபாரிகளும் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டம். போய்விட்டு வந்தவள் கைப்பையை என் மேசையில் கவிழ்த்தாள். விசிட்டிங் கார்டுகள் கொட்டின.

"நாப்பத்தாறு அட்ட வில்லடீன். ஒரு மூஞ்சியாவது ஞாபகம் இருக்கான்னு கேளு."

"இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. கழுத்துல பேர் அட்டைய மாட்டி விட்டாங்க. எல்லாரும் என் நெஞ்சப் பாத்தே பேசினாங்க. தெற்கத்தி விருந்துன்னு பேரு, சோள ரொட்டில போய் சர்க்கர போட்டிருக்காங்க."

"சர்க்கரையா?"

"சத்தியமா. சமைச்ச பையனுக்கு நல்ல மனசு, பாவம்."

எங்கள் ஊரில் ஒருவருக்கு நல்ல மனசு, பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த ஏப்ரலில் அவளே ஒரு கூடலை ஆரம்பித்தாள். வருடத்துக்கு இரண்டு முறை, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மெத்தடிஸ்ட் சபையின் சாப்பாட்டு மண்டபத்தில். மிளகாய் ஜெல்லி காய்ச்சுகிறவர்கள், சோப்பு செய்கிறவர்கள், கரும்புப் பாகு எடுக்கிறவர்கள், ஒட்டுத்துணிப் பை தைக்கிறவர்கள், அவர்களைப் பற்றி எழுதுகிற எங்களைப் போன்றவர்கள். எல்லோரும் கையால் சமைத்த ஒரு பாத்திரம் கொண்டு வர வேண்டும். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்க வேண்டும். அதைச் சொல்லவே வேண்டாம், எங்கள் பாத்திரங்களுக்கு டேப் ஒட்டித்தான் பழக்கம். அட்டை நீட்டக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் ட்வெய்னின் பழைய தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்குவாள். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர்களுடைய காலிப் பாத்திரத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மாதத்துக்குள், நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய், எதையாவது நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த கூடலுக்கு வர முடியாது.

அவள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எங்களில் யாருக்கும் கை வராது. அந்த வெட்கத்தை அவள் வேலைக்கு அமர்த்தினாள், அவ்வளவுதான்.

அது என்னவெல்லாம் செய்தது என்று நான் பார்த்தேன். பிராண்ட்லி ஆன் என்று மாண்ட்கோமரியில் ஒருத்தி, இரண்டு லட்சம் பேர் படிக்கும் வலைப்பதிவர், நகத்தில்கூட மாவு படாதவள். அவளுக்கு ஒடெஸ்ஸாவின் பாத்திரம் விழுந்தது. ஒடெஸ்ஸா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கறுப்பர் தெருவில் இருக்கிறாள். ஒரே கடை வரிசையில் முப்பது வருடம் நின்றாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்துச் சமையலறையைப் பார்த்ததில்லை. பிராண்ட்லி ஆன் பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவள், அந்தச் சமையலறையில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். இன்று ஒடெஸ்ஸாவின் டீ கேக் பர்மிங்ஹாம் வரைக்கும் போகிறது. நாற்பத்தாறு அட்டையால் இது நடக்குமா?

ஒரே ஒரு ஆள் மட்டும் கூடலுக்கு வந்ததில்லை. ஆர்டித் காப். மாவில் சீஸும் மிளகாயும் பிசைந்து மொறுமொறுவென்று சுடும் சீஸ் குச்சியை அவளைப் போல் செய்ய மூன்று கவுண்டியில் ஆள் கிடையாது. கல்யாணம், பட்டமளிப்பு, எது நடந்தாலும் அவளுடைய டப்பா மேசையில் இருக்கும். நெல்வினும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ட்வெய்ன், ஆர்டித்தின் அண்ணன். ட்வெய்ன் செத்ததிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. புதிதாக வருகிறவர்கள், "மிஸ் ஆர்டித்த கூப்பிடலையா?" என்று கேட்டால், நெல்வின், "அவளுக்கு வேல இருக்கும்" என்று டீயில் ஐஸ் போடப் போய்விடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் கேட்போம், அதை மட்டும் கேட்க மாட்டோம்.

போன ஏப்ரல் கூடலில் என் கைக்கு வந்த சீட்டில் நெல்வினின் பெயர் இருந்தது. மண்டபமே சிரித்தது. அவளுக்குச் சமைத்துக் கொண்டுபோவது பரீட்சை எழுதுவது மாதிரி. வழக்கமாக அவள் கொண்டு வரும் நீலப் பாத்திரம் அன்று காலையில்தான் விரிசல் விட்டதாம். வேறு ஏதோ ஒரு நீளமான கண்ணாடிப் பாத்திரத்தில் வாழைப்பழப் புட்டிங் கொண்டு வந்திருந்தாள். ஓரத்தில் வெள்ளைப் பூ போட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் ஊறப் போட்டேன்.

டேப் கழன்று வந்தது. அடியில் இன்னொரு டேப் இருந்தது. பழுப்பேறி, கண்ணாடியோடு ஒட்டிப்போய். சாய்ந்த எழுத்தில், "ஆர்டித் காப்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். ஒன்பது நாளுக்கு என்னைத் தள்ளி வைத்தவள், அடுத்தவள் பாத்திரத்தின் மேல் தன் பெயரை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஈரக் கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் வலைப்பூ சாவு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியது. நானூறு பேர் படிக்கிறார்கள், அதில் பாதி என் சொந்தக்காரர்கள். இதை எழுதினால் நாலாயிரம் பேர் படிப்பார்கள். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. டேப்பைப் படமும் எடுத்தேன்.

படம் எடுக்கும்போதுதான் பாத்திரத்தைச் சரியாகப் பார்த்தேன். சாவு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவள் நான், அந்த அளவு எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு பேருக்குச் சுடுகிற பாத்திரம். சாவு வீட்டுக்குத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போவோம். அப்படியென்றால் இது ட்வெய்ன் செத்தபோது நெல்வின் வீட்டுக்குள் போனது. இருபத்திரண்டு வருடம் வெளியே வரவில்லை.

எழுதியதை அழித்தேன். சோளப் புட்டிங் செய்து பாத்திரத்தில் நிரப்பி, பழைய டேப்பை அப்படியே விட்டு, நெல்வின் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேசையில் வைத்தேன். "அடியில பாரு" என்றேன்.

அவள் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"டேப் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"பழைய டேப். சுடுதண்ணில போடாதன்னு சொல்ல நெனச்சேன். சொன்னா ஏன்னு கேப்ப."

"இப்ப கேக்கறேன்."

கண்ணாடிச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். முப்பத்தொரு வருடம் ஊர் ரகசியத்தைக் காத்தவளுக்குத் தன் ரகசியத்தைச் சொல்ல வரவில்லை. திக்கித் திக்கித்தான் வந்தது.

ட்வெய்ன் மாண்ட்கோமரி ஆஸ்பத்திரியில் பதினோரு வாரம் கிடந்தான். தொண்டையில் குழாய், பேச்சில்லை. நெல்வின் வேலையை விட முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் போவாள். ஒரு நாளும் ஆர்டித்தை அங்கே பார்க்கவில்லை. கூடப் பிறந்த அண்ணன் சாகக் கிடக்கிறான், தங்கை எட்டிப் பார்க்கவில்லை என்று உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தாள். அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள். ஆர்டித் மஞ்சள் பூசணியும் சீஸும் போட்டுச் சுட்டு, இந்தப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொன்னேன் வில்லடீன். 'உயிரோட இருந்தப்ப வராதவ, சாப்பாட்டத் தூக்கிட்டு வந்துட்டா'ன்னு. போதகர் நிக்கறாரு, அவங்க அம்மா உக்காந்திருக்காங்க. ஆர்டித் ஒரு வார்த்த பேசல. பாத்திரத்த வெச்சுட்டு போயிட்டா."

மூன்று வாரம் கழித்து நெல்வின் வேலைக்குத் திரும்பினாள். ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், புது வண்டிக்கு நம்பர் பிளேட் வாங்க வந்தவள். ஸ்ட்ரவுட் என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்த பஸ் ஓட்டற தங்கச்சி எப்படி இருக்காங்க? பாவம், தினமும் பகல்ல வந்து கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டு மணியானா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுவாங்க."

ஆர்டித் அப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நாற்பது மைல் போய், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்கால நடைக்குத் திரும்பி வந்திருக்கிறாள். பதினோரு வாரமும்.

"இருபத்து மூணு பாத்திரம் வந்திச்சு" என்றாள் நெல்வின். "இருபத்திரண்ட நெரப்பித் திருப்பிக் கொடுத்துட்டேன். இத எப்படிக் கொடுக்கறது சொல்லு. வெறுமையா கொண்டு போக முடியாது. என்னத்த வெக்கறது? கேக்க வெச்சு, நான் சொன்னதுக்கு இந்தா கேக்குன்னு நீட்டறதா? மொத மாசம் யோசிச்சேன். அப்பறம் ஒரு வருஷம் ஆச்சு. அதுக்கப்பறம் ஏன் இவ்வளவு நாள்னு அவ கேட்டா பதிலில்ல."

"மேல எதுக்கு உன் பேர ஒட்டின?"

"அலமாரில கவுத்து வெச்சிருந்தேன். தொறக்கறப்பல்லாம் அவ பேரு என்னப் பாத்திச்சு. ஒரு நாள் ஒட்டிட்டேன். போகப் போக என்னோடதுன்னே நெனச்சுக்கிட்டேன். அன்னிக்கி அவசரத்துல எடுத்தப்பக்கூட அப்படித்தான் எடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "ஊர்ல ஒருத்தர் பாத்திரம் ஒருத்தர்கிட்ட தங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டியே" என்றேன்.

"அதனாலதான் போட்டேன்" என்றாள்.

பிறகு எழுந்தாள். என் சோளப் புட்டிங்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"என்ன பண்ற?"

"வண்டிய எடு. நான் ஓட்டினா பாதி வழில திரும்பிடுவேன்."

"வெறும் பாத்திரத்தோடயா போற?"

"என்ன வெக்கறதுன்னு இருபத்திரண்டு வருஷமா தேடறேன். அப்படி ஒண்ணு இல்ல. இல்லங்கறத அவ கண்ணால பாக்கட்டும்."

ஆர்டித் வீட்டு வாசலில் பகல் மூன்று மணி வெயில். கம்பிவலைக் கதவுக்கு உள்ளே நின்றாள். உயரமான பெண், முழங்கை வரை மாவு. நான் படிக்குக் கீழேயே நின்றுகொண்டேன். நெல்வின் பாத்திரத்தை இரண்டு கையிலும் பிடித்திருந்தாள்.

"இது உன்னோடது ஆர்டித்."

"தெரியும்."

"வெறுமையா இருக்கு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அன்னிக்கி நான் சொன்னது பொய். நீ தெனமும் போய் உக்காந்திருந்தேன்னு மூணே வாரத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வரல. வெக்கமா இருந்துது. அவ்வளவுதான், வேற காரணம் ஒண்ணும் இல்ல."

ஆர்டித் கதவைத் திறந்து கையை மட்டும் நீட்டிப் பாத்திரத்தை வாங்கினாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். தன் எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா கழுவியிருக்க" என்றாள். கதவு மூடியது.

உள்ளே வா என்று சொல்லவில்லை. அந்த வெயிலில் ஒரு டம்ளர் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் இன்ஷூரன்ஸ் விற்க வருகிறவனுக்குக்கூட டீ உண்டு. திரும்பி வரும்போது நெல்வின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும், "பாத்திரமாவது வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சு" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். என்னையும் ஆர்டித்தையும் தவிர யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். ஆனால் அந்த வாரம் நெல்வின் தன் வலைப்பூவில் தானே எழுதிவிட்டாள். ஏழே வரி. செத்த வீட்டில் சொன்ன சொல், நர்ஸ், டேப்பின் மேல் டேப், எல்லாம். கடைசி வரி: "சட்டப்படி அக்டோபர் கூடலுக்கு நான் வரக் கூடாது. வில்லடீன் நடத்துவாள்."

நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். "பைத்தியமா உனக்கு? நீ ஆரம்பிச்ச கூடல்."

"ஒம்பது நாளுக்கு உன்ன ஒரு தடவ நிறுத்தினேன். அந்த விகிதத்துல பாத்தா நான் செத்தப்பறம்தான் வரணும். ஒரு தடவையோட விடறேனேன்னு சந்தோஷப்படு." ட்வெய்னின் தொப்பியை என் கையில் கொடுத்தாள். "ஐஸ் நெறைய வாங்கு. போன தடவ பத்தல."

அந்த நிமிடம் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஊர் பேசியது. அவளுக்கு நல்ல மனசு, பாவம் என்று சிலர் ஆரம்பித்தார்கள். பிராண்ட்லி ஆன் போன் செய்து, இனி வேறு யாராவது நடத்தினால் கௌரவமாக இருக்கும் இல்லையா என்று தேனாகக் கேட்டாள். நானும் தேனாகவே பதில் சொன்னேன். அவள் இரண்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. நெல்வின் எழுதியதைப் படித்துவிட்டு ஆளாளுக்குத் தங்கள் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோடை முழுக்க டாலிவரில் பாத்திரங்கள் வீடு மாறின. எனக்கு யார் வீட்டிலிருந்தோ என் அம்மா பெயர் எழுதிய கிண்ணம் வந்தது, உள்ளே பீச் பழத்தோடு. என் அலமாரியிலும் இரண்டு அகப்பட்டன. ஒன்று தபால்காரருடையது, பதினாலு வருடமாக. அவர் தினமும் என் வீட்டுக்கு வருகிறார், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்டோபர் கூடலுக்கு எண்பத்து மூன்று பேர் வந்தார்கள். இதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை. நான் நடத்திய லட்சணம் வேறு கதை, ஐஸ் பத்தவில்லை. பத்தரை மணிக்குக் கதவு திறந்தது. ஆர்டித் காப் நின்றாள். கையில் அந்த வெள்ளைப் பூப் பாத்திரம், மேலே அலுமினியத் தாள்.

எண்பத்து மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் அன்றுதான் பார்த்தேன். ஆர்டித் நேராக நடந்து வந்து மேசையில் பாத்திரத்தை வைத்து, தாளை எடுத்தாள். சீஸ் குச்சிகள், விளிம்பு வரை. மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தாள்.

"எங்க அவ?"

"வரல மிஸ் ஆர்டித்" என்றேன். "பாத்திரத்த நேரத்துல திருப்பிக் கொடுக்காதவங்க அடுத்த கூடலுக்கு வரக் கூடாது. சட்டம்."

"யாரு போட்டது?"

"நெல்வின்தான்."

"அதானே பாத்தேன். அடுத்தவங்க அடிக்கறதுக்கு முன்னாடி தன்னையே அடிச்சுக்குவா. ஸ்கூல்லயும் இப்படித்தான், டீச்சர் கேக்கவே மாட்டாங்க, எழுந்து நின்னு நான்தான்னு சொல்லுவா." ஒரு தட்டை எடுத்தாள். "எனக்குப் பசிக்குது. இதுல எது சாப்பிடற மாதிரி இருக்கும்?"

அதன் பிறகுதான் மண்டபம் மூச்சு விட்டது. அவளைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். இரண்டு கடைக்காரர்கள் அங்கேயே டப்பாவுக்குச் சொல்லி வைத்தார்கள். ஒடெஸ்ஸா ஒரு குச்சியைக் கடித்துவிட்டு, கண்ணை மூடி, "இதுல என்ன மிளகா போடறீங்க?" என்று கேட்டாள். "நீங்க எங்க வீட்டுக்கு வந்தா சொல்றேன்" என்றாள் ஆர்டித். சட்டம் அவளுக்கு யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது.

குலுக்கல் நேரத்தில் தொப்பியோடு அவளிடம் போனேன். பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இது குலுக்கலுக்கு இல்ல. நெல்வின்கிட்ட கொண்டு போய்க் கொடு."

"அவகிட்டயேவா?"

"அவகிட்டதான். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாம வெச்சிருந்திருக்கா. என்கிட்ட இருந்திருந்தா எப்பவோ ஒடைஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பாத்திரத்தில் கடைசி ஒரு வரிசைக் குச்சிகளை யாரும் தொடவிடாமல் வைத்திருந்தாள்.

நாலு மணிக்கு நெல்வின் வீட்டுக்குப் போனேன். இஸ்திரிச் சட்டை போட்டு, கூடலுக்குக் கிளம்பியவள் மாதிரி சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். குச்சிகளை ஒவ்வொன்றாக ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு பாத்திரத்தைத் திருப்பினாள்.

பழைய டேப் அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று, அதே சாய்ந்த எழுத்தில்: "ஒரு மாதம். நீ போட்ட சட்டம்."

நெல்வின் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் டீ ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன வெச்சுக் கொடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"எதையாவது" என்றாள். "இனிமே எதையாவது வெக்கலாம்."

புதன்கிழமை காலை என் போன் அடித்தது. ஆர்டித்.

"நேத்து அவ வந்தா. மூணே நாள். சர்க்கரவள்ளிக் கெழங்கு சுட்டு எடுத்துட்டு வந்தா. ஒரே இனிப்பு. எங்க அண்ணன் இருவது வருஷம் சொல்லியும் அவளுக்குக் கை அடங்கல."

"உள்ள கூப்பிட்டீங்களா மிஸ் ஆர்டித்?"

"பின்ன வாசல்ல நிக்க வெச்சா சாப்பிடறது? மூணு மணி நேரம் உக்காந்திருந்தா. பாதிக் கெழங்க அவளே தின்னுட்டா. பாத்திரத்தக் கழுவி வெச்சிருக்கேன். நாளைக்கு நான் நெரப்பிக் கொண்டு போறேன்."